பிஸ்கட் கம்பனியின் பொதுக்கூட்டம்

ஜூலை 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஜன்னல் கொக்கி துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. பாண் பாதி போதும், மீதி நாளைக்கு.

வீட்டுக்காரி மேலே வந்தாள். "அன்ரி, ஆகஸ்டிலயிருந்து வாடகை கூட்டித்தான் எடுக்கவேணும். ரெண்டு மாத அட்வான்சும் தாங்கோ. எங்களுக்கும் வேற வழியில்லை." அவளைக் குறை சொல்ல முடியாது. மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அறையை விட வேண்டும்.

விற்கக்கூடியது ஒன்றுதான். பிஸ்கட் கம்பனியில் தொள்ளாயிரம் ஷெயர், ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. இப்போது வாங்கிய விலையில் பாதிகூட இல்லை.

ஜூலை 6, வியாழன்

ரொறன்ரோவிலிருந்து தங்கச்சியின் மகன் போன் எடுத்தான். மூன்று நிமிடம். "பெரியம்மா, உந்த ஷெயரை வித்துத் துலையுங்கோ. இனி ஏறாது." ஏறும் என்றேன். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவளுக்கு இவன் பாடம் எடுக்கிறான்!

பிறகு மீற்றர் பார்க்க வந்தவனிடம் "நல்ல மழை" என்றேன். இன்று பேசியது மொத்தம் இரண்டு பேருடன்.

ஜூலை 8, சனி

கம்பனிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஷெயர்காரர் பொதுக்கூட்டம் பதினோராம் திகதி, இந்த முறை மண்டபத்தில். ஒரு ஷெயராவது கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மூன்று வருடமாக ஸூமில் நடத்தினார்கள். திரையில் வெறும் பெயர்கள், யாரையும் வாய் திறக்க விடவில்லை.

ஹமீத் நானா வருவார். மருதானையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். ஸூமுக்கு முன் பதினொரு வருடம், ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எனக்குப் பக்கத்துக் கதிரை. "மிஸ், டைரக்டர்மார்ட சம்பளம் மட்டும் ஏன் கொறையல்ல? எழும்பிக் கேக்கவா?" எழும்பிக் கேட்டும் விடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும், சிரிப்பும் வரும்.

போன் நம்பர் வாங்கிக்கொள்ளவே இல்லை. அடுத்த கூட்டத்தில் காண்போம்தானே என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம். மடத்தனம்.

செய்ய: சேலை அயன் பண்ண. அடையாள அட்டை. குடை. கூட்டம் முடியும்வரை விற்க வேண்டாமென்று ஷெயர் புரோக்கருக்குச் சொல்ல.

ஜூலை 11, செவ்வாய்

ஒன்பதுக்கே போய்விட்டேன். பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்தேன். நாலு பேர் கேட்டார்கள், ஆள் இருக்கா என்று. ஓம், வருவார்.

கூட்டம் தொடங்கப்போகும்போது பதிவு மேசைப் பிள்ளை என்னைத் தேடி வந்தது. "அன்ரி, ஒராள் தனக்குப் பதிலா வாக்களிக்க உங்கட பேரைத் தந்திருக்கிறார். முதல் கவனிக்கேல்லை, சொறி. மகன்தான் ஃபோமைக் கொண்டுவந்து தந்தவர். ஐயாவால இனி நடக்கேலாதாம்."

ஹமீத் நானாவின் எழுத்து, நடுங்கியிருந்தது. என் முழுப்பெயர், முதலெழுத்துகளும் பிழையில்லாமல். பதிவேட்டில் எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்து வைத்திருக்கிறார்.

டைரக்டர்மார் சம்பளத்துக்கு "எதிர்" என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருந்தார். நான் எப்போதும் ஆதரவு. ஆதரவு யார் என்றபோது என் அட்டையை உயர்த்தினேன், எதிர் யார் என்றபோது அவருக்காகத் தந்த அட்டையை. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கைப்பையைக் கதிரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 12, புதன்

மழை விட்டிருக்கிறது. படிவத்திலிருந்து விலாசத்தை எழுதி வந்திருக்கிறேன். போகலாமா? மகன் கதவைத் திறந்தால் யாரென்று சொல்வது? பொதுக்கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவள் என்றா?

விலை ஏறும் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. அந்தக் கதிரைக்காகத்தான் வைத்திருந்தேன். எழுதிவிட்டேன், போதும்.

பத்தரைக்குப் புரோக்கர் தம்பி போன் எடுத்தான். "இண்டைக்கு விக்கலாம், அன்ரி. தொள்ளாயிரத்தையும் போடவோ?"

"ஒண்டை வச்சிட்டு மற்றதைப் போடுங்கோ."

"ஒண்டா? அதின்ர டிவிடெண்டில ஒரு பிளேன்ரீயும் குடிக்கேலாது."

"தெரியும். அடுத்த வருஷம் அவர் ஃபோமை நிரப்பேக்க, என்ர பேர் பதிவேட்டில இருக்கவேணும்."

"ஆர், அன்ரி?"

"நீங்கள் வில்லுங்கோ, தம்பி."