விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

மேட்டுக்கொல்லை,
ஆம்பூர் வழி,
24-3-1985.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெயசீலிக்கும் மாப்பிள்ளை ஜெயகரனுக்கும் சித்தப்பா கிருபானந்தம் எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீங்கள் இருவரும் சரீர சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லுகிறோம். இங்கே வீடு நிற்கிறது, வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, போன ஞாயிறு ஆராதனையில் நான் பாடம் வாசித்தேன், அப்படி ஒரு வாசிப்பை இந்த சர்ச் கட்டினதிலிருந்து யாரும் கேட்டதில்லை என்று பாதிரி ஐயரே சொன்னார். எல்லாரும் சுகம் என்று முதல் வரியிலேயே எழுதுகிறவன் இந்தத் தடவை அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். பதறாதே, யாரும் சாகவில்லை. மேலே படி.

சித்திக்குக் கால் சுளுக்கு சரியாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். சுளுக்கு என்று எழுதினது நான். அது சுளுக்கு இல்லை அம்மா. டிசம்பர் இரண்டாவது வாரம் சர்தார் பாஷாவின் மாந்தோப்பிலிருந்து தண்ணீர் எடுத்துவரும்போது கால்வாய்க் கரையில் வழுக்கி விழுந்து உன் சித்தி இன்பத்துக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். இப்போது கட்டிலில் இருக்கிறாள், கைத்தடியும் என் தோளும் இருந்தால் வாசல் வரைக்கும் வருகிறாள். நீ நர்ஸ், உன்னிடம் இதை மறைத்தது தப்பு. ஏன் மறைத்தேன் என்றால், தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதே, சித்தி எதற்குத் தோப்புக்குப் போனாள் என்று நீ கேட்பாய். எண்பத்து மூன்றில், நீ கடைசியாக லீவில் வந்து போனபிறகு குழாய் வந்தது, இரண்டு பித்தளைக் குழாய், முதல் குழாயை நான்தான் திறந்து வைத்தேன், கைதட்டினார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன் அல்லவா. குழாய்க்குக் கல் நட்டது உண்மை. மீதி எல்லாம் நான் சேர்த்தது. கல் இன்னும் நிற்கிறது, ஆடு உரசிக்கொள்கிறது.

நம் தெருக்கிணறு கெட்டுப்போய் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நீ வேலூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போன அடுத்த வருஷம் தொடங்கினது. முதலில் உப்பு தட்டினது, அப்புறம் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டீ போட்டால் பால் திரிந்தது, இப்போது வாளியை இழுத்தால் பழுப்பாக வருகிறது. தோல் பதனிடுகிற ஷாப்புகளை நான் குறை சொன்னால் அது நியாயம் ஆகாது, முப்பது வருஷம் உப்புத் தோலைத் தட்டிக் கழுவிவிட்ட கை இது, அந்த உப்பு எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. மேஸ்திரி ஆனபிறகும் கேட்கவில்லை. தோப்புக் கிணறு ஒன்றரை மைல், அங்கேதான் நல்ல தண்ணீர். காலையில் ஒரு குடம் சாயங்காலம் ஒரு குடம் என்று பன்னிரண்டு வருஷம் சித்தி நடந்தாள், அது தீர்ந்தால் எல்லா வீட்டிலும் கிணற்றுத் தண்ணீர்தான். அவள் விழுந்தபிறகு சைக்கிளில் இரண்டு பக்கமும் டப்பா கட்டி நான் போகிறேன். பக்கத்து வீட்டு மீனாம்பாளைத் தெரியுமே, முதல் நாளே வழியில் நிறுத்தி, "இன்னா மேஸ்திரி, குழா வந்துட்சின்னு மஸ்கட்டுக்கு எழுதினியே, அந்தக் குழாக்கு ரெண்டு சக்கரமா" என்றாள். நான் மிதித்துக்கொண்டு போனேன்.

இன்னொரு சங்கதி உனக்குத் தெரியும், தெரிந்தாலும் சொல்லுகிறேன், ஏன் என்றால் விஷயமே அதில்தான் மாட்டிக்கொண்டது. இந்த ஊருக்குப் பெண் பார்க்க வந்தாலும் மாப்பிள்ளை பார்க்க வந்தாலும் முதல் நாளே மாட்டு வண்டியில் பீப்பாய் கட்டித் தோப்புத் தண்ணீர் கொண்டுவந்து எல்லா வீட்டுப் பானையிலும் நிரப்பிவிடுவோம். வந்தவர்கள் எந்த வீட்டில் தாகம் என்றாலும் நல்ல தண்ணீர்தான் கிடைக்க வேண்டும், டீ திரியக்கூடாது. ஊரில் சாதி மதம் பார்த்துச் சண்டை உண்டு, இதில் மட்டும் சண்டை கிடையாது. ஜெயகரன் வீட்டார் வந்தபோது நீ தட்டில் எடுத்துவந்த டீயும் அந்தத் தண்ணீர்தான். மாப்பிள்ளை இதைப் படித்துச் சிரிக்கட்டும், இனிமேல் திருப்பி அனுப்ப முடியாது.

இப்படி இருக்கும்போது பிப்ரவரியில் தண்ணீர்த் திட்டத்துக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பத்து வருஷத்தைத் தண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம், ரேடியோவில் நீயும் கேட்டிருப்பாய். குடிதண்ணீர் கெட்டுப்போன ஊர்களாகப் பார்த்து, மலையடிவாரத்தில் ஆழமாகக் குழாய் இறக்கி, அங்கிருந்து பைப் போட்டுக் கொண்டுவருவார்கள், கக்கூஸும் கட்டித் தருவார்கள். ஜீப்பில் ஒரு ஜப்பான்காரர், ஒரு நேபாளத்துக்காரர், வங்காள தேசத்திலிருந்து அஃப்ஸர் ஜஹான் என்று ஒரு அம்மாள், தண்ணீரைச் சோதிக்கிறது அவர் வேலை, இவர்களைக் கூட்டிவந்த நம் வேலூர் இன்ஜினியர் அருணகிரி, நாலு பேர். இவர்களோடு பேச நம்மை விட்டால் இந்த ஊரில் யார். ஜப்பான்காரர் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை, தன் ஊருக்கு வா என்கிறமாதிரி ஏதோ சொன்னார், நானும் சரி என்றேன்.

அவர்கள் வருகிற தேதி தெரிந்ததும் ஊர் வழக்கப்படி முதல் நாள் பீப்பாய் கட்டினோம். ஒருவர் கூட எதற்கு என்று கேட்கவில்லை. எல்லா வீட்டுப் பானையிலும் தோப்புத் தண்ணீர். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஒரே கக்கூஸுக்குச் சுண்ணாம்பு அடித்து, இதுபோல வீட்டுக்கு வீடு உண்டு, இது பழசு என்பதால் காட்டுகிறோம் என்றேன். அந்த அம்மாள் ஐந்து வீட்டில் குடிக்கிற பானையிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டார். தினமும் குடிப்பது இதுதானா என்று இன்ஜினியர் மூலமாகக் கேட்டார். நான் முன்னால் நின்று, இதேதான், இந்த ருசிக்காகவே பேரணாம்பட்டிலிருந்து ஜனங்கள் வருவார்கள் என்றேன். தெருக்கிணற்றைக் காட்டி அது என்ன என்றார், மாட்டுக்கு என்றேன். நல்ல வீடாகப் பார்த்துத்தானே பெண் கொடுப்பார்கள், நல்ல ஊராகப் பார்த்துத்தான் பைப் கொடுப்பார்கள் என்று நினைத்தேன் அம்மா. நான் மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. அவர்கள் ஜீப் ஏறினதும் மீனாம்பாள் கூட, "இன்னிக்குத்தான் உன் வாய் ஊருக்கு உதவிச்சி" என்றாள்.

பதினைந்து நாளில் ஆம்பூர் ஆபீசில் பட்டியல் ஒட்டினார்கள். பத்தொன்பது ஊர். நம் ஊர் இல்லை. குமாஸ்தாவைக் கேட்டால், "உங்க ஊரு தண்ணி ஃபர்ஸ்ட் கிளாஸ்னு ரிப்போர்ட் வந்துட்சே, உங்களுக்கு எதுக்கு" என்கிறான். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தெருவில் மீனாம்பாள்தான் பேசினாள். "வாயில தண்ணிய ஊத்திக்கினு நின்னிருந்தா பைப்பு வந்திருக்கும். இந்தக் கம்மனாட்டி வாயால இன்னும் எத்தினி பேர் இடுப்பு ஒடையணுமோ" என்றாள். அவள் மகள் ஏழு மாசம் கர்ப்பம், இரண்டு வேளையும் குடம் தூக்குகிறாள். ஜெயசீலி, என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், நான் திருப்பிக் கொடுக்காமல் வந்ததில்லை. அன்றைக்கு நின்று முழுக்கக் கேட்டேன்.

மறுநாள் கிணற்றுத் தண்ணீரை ஒரு சர்பத் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வேலூர் பக்கம் பாகாயம் போனேன். திட்டக்காரர்கள் அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நாளில் அவரவர் நாட்டுக்குக் கிளம்புகிறார்கள். இன்ஜினியர் அருணகிரியிடம் நடந்ததைச் சொல்லிப் பாட்டிலை நீட்டினேன். அவர் கோபக்காரர் இல்லை, களைத்துப்போனவர். "பெரியவரே, அன்னிக்கு ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு, நான் எத எழுதிக்கறது. பட்டியல் ஒட்டினதுலருந்து பதினோரு ஊர்க்காரங்க கெட்ட தண்ணி பாட்டிலோட வந்துட்டாங்க. கிணத்துல புடிச்சதா, ஷாப்பு வாசல்ல புடிச்சதா, யார் கண்டா" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

வெளியே வராந்தாவில் அந்த அஃப்ஸர் ஜஹான் அம்மாள் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உருது கொஞ்சம் வரும், எனக்கு ஷாப்பு உருது உண்டு, சாயபுமார்களே என் உருதைக் கேட்டு நீ எந்த ஊர் சாயபு என்று கேட்பார்கள், அது போகட்டும். நீங்கள் பிடித்துப் போனது எங்கள் தண்ணீர் இல்லை, விருந்தாளி வந்தால் அப்படித்தான் வைப்போம் என்றேன். அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கடலோரத்தில் தன் அம்மா வீட்டிலும் யாராவது வந்தால் உப்புத் தண்ணீர்ப் பானையை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்த ஊரிலிருந்து படகில் ஒரு பானை கொண்டுவருவார்கள் என்றார். சோதனை செய்வதையே தொழிலாகப் படித்தவள், உங்கள் பானையை வாங்கும்போது எனக்கு அது தோன்றவில்லையே என்றார். பிறகு, நாளைக்கு நான் தனியாக வருவேன், ஊரில் ஒருவருக்கும் சொல்லாதே, சொன்னால் மறுபடியும் பீப்பாய் கட்டுவார்கள் என்றார்.

ஜெயசீலி, ஒரு நாள் பூராவும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை நம்ப உனக்குக் கஷ்டமாக இருக்கும், மேலே எழுதினதை எல்லாம் நம்பாவிட்டாலும் இதை நம்பு. சித்தியிடம் கூடச் சொல்லவில்லை. காலையில் தோப்புக்குப் போகவில்லை, சைக்கிள் பஞ்சர் என்று சொல்லித் தெருக்கிணற்றில் இறைத்துப் பானையை நிரப்பினேன். அவள் அந்தத் தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டாள். குமட்டினது, வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள், என்னைக் கேட்கவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பதினோரு மணி பஸ்ஸில் அந்த அம்மாள் வந்தார், தோளில் பையோடு தனியாக. வாசலில் பார்த்ததும் சித்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறாள். "ஏங்க, வீட்டுக்கு வந்தவங்களுக்கு அதக் குடுக்காதீங்க, மீனாம்பாள தோப்புக்கு ஓடச் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். நான் ஒரு டம்ளர் மொண்டு அந்த அம்மாள் கையில் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார், முகம் மாறவில்லை, இன்னொரு வாய் குடித்தார். சித்தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "இந்த வூட்ல யாருக்கும் இதக் குடுத்ததில்லீங்க" என்று அழுதாள். அவர் கட்டிலிலேயே உட்கார்ந்து சித்தி கையைப் பிடித்துக்கொண்டு எப்படி விழுந்தாய் என்று கேட்டார். நான் உருதில் சொல்ல வாய் எடுத்தேன், சித்தி, "நீங்க சும்மா இருங்க, நா சொல்றத மட்டும் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னது ஐந்து வார்த்தை. பன்னிரண்டு வருஷமா நடந்தேன், அன்னைக்கு விழுந்தேன். ஒரு சொல் கூட்டாமல் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் ஐந்து வீட்டில் புகுந்து பானையில் பிடித்தார், தெருக்கிணற்றிலும் பிடித்தார். மாட்டுக்கு என்று சொன்னேனே, மாடும் அதைக் குடிப்பதில்லை என்றேன். மீனாம்பாள் விஷயம் புரிந்து தன் மகளை அழைத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

போன வியாழக்கிழமை இன்ஜினியர் கையெழுத்தோடு காகிதம் வந்தது. நம் ஊரை இருபதாவதாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசி என்பதால் இரண்டு வருஷம் ஆகுமாம், அதற்குள் மீனாம்பாள் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். சித்தி இனிமேல் குடம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக அவளுக்காக வரவேண்டிய தண்ணீர் அவள் நடந்து முடித்தபிறகு வருகிறது. சந்தோஷம்தான், ஆனால் சர்ச்சில் சாட்சி சொல்ல ஐயர் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி டியூட்டி முடித்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி இல்லாமல் போகவிடாதே. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், சித்தியின் உடம்பைப் பற்றிக் கேட்பதை இனி அவள் பெயருக்கே எழுது, ஐயர் வீட்டு அம்மாள் வாசித்துக் காட்டிப் பதிலும் எழுதித் தருவார்கள். நான் எழுதினால் எங்கேயாவது கூடிப்போகும்.

மே மாசம் லீவில் வருவதாக எழுதியிருக்கிறாய். போன மூன்று லீவிலும் நீ வருகிறதற்கு முதல் நாள் பீப்பாய் கட்டினோம், உனக்குத் தெரியாது. ஊர்த் தண்ணீர் இப்போது தேறிவிட்டது சித்தப்பா என்று நீயே சொன்னாய், நான் சிரித்துக்கொண்டேன். இந்தத் தடவையும் வண்டிக்குச் சொல்லிவைக்கச் சித்தி சொல்லுகிறாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். டப்பாவில் நான் கொண்டுவருவதில் உனக்கும் பங்கு உண்டு, அது தீர்ந்தால் நாங்கள் குடிக்கிறதை நீயும் குடிக்கலாம். இது உன் வீடு, நீ இங்கே விருந்தாளி இல்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. சித்தி உன் நெற்றியில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெறாமல் வளர்த்த சித்தப்பா,
ச. கிருபானந்தம் மேஸ்திரி.