மல்லித் தோட்டத்து மோட்டார்

மே 4, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. மில்லில் என் பொறுப்பில் மாதாந்திர மின்கசிவு சோதனை. எல்லா ஒயரையும் சேர்த்துக் கவ்வும் மீட்டரின் வாய்க்குள் விட வேண்டும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. மெஷின்கள் சரி. கேன்டீன் கிரைண்டரில் கசிவு. சமையல்காரம்மா, "ஓடுதுல்ல, விடுங்க மேடம்."

நடுவில் அண்ணி போன். "செல்வி, நீ மாட்டுன பெட்டி இன்னைக்கும் ட்ரிப் ஆயிருச்சு." அண்ணன் ஷாக்கடித்துச் செத்த பிறகு தோட்டத்து மோட்டாருக்கு நான் மாட்டிய இ.எல்.சி.பி. கரண்ட் ஒழுகினால் லைனை வெட்டிவிடும். தினமும் வெட்டுகிறது. மும்முனைக் கரண்ட் வருவதே கொஞ்ச நேரம். மல்லிப்பூச் செடி காய்கிறது.

வாங்க: பிரஷர் மாத்திரை, துவரம்பருப்பு, அண்ணிக்கு ரப்பர் செருப்பு.

மே 6, புதன்
மேகம் மட்டும். மழையில்லை. மில் விட்டு நேரே தோட்டம். பக்கத்துத் தோட்டத்து ராசு மாமா, பெட்டியை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கி வைத்திருந்தார். "பூவு கருகுதுல்ல தாயி. செத்த நேரம் டைரக்டா ஓட்டுனா என்ன ஆயிரும்?"

என்ன ஆகுமென்று அவருக்கா தெரியாது. அண்ணனைத் தூக்கி வண்டியில் போட்டவரே அவர்தான். ஒயரைப் பெட்டிக்கே மாற்றினேன்.

அண்ணி காப்பி கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். "அவரு குழாயப் புடிச்சுக்கிட்டு நின்னத நான் பாக்கல செல்வி. பாக்காம சுவிட்சப் போட்டுட்டேன்." நாலு மாதமாக இதே பேச்சு. சாப்பாடும் சரியில்லை, ஆள் பாதியாகிவிட்டார். சுவிட்ச் கொல்லாது, கசிவுதான் கொல்லும் என்று எத்தனை முறை சொல்வது. கண்ணால் காட்டினால்தான் நம்புவார்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் வரை சுத்தம். போர்வெல்லுக்குள் இறங்கும் கேபிளில்தான் கசிவு. மோட்டாரை மேலே எடுக்க ஆள் சொல்லியாயிற்று.

மே 7, வியாழன்
கேன்டீன் கிரைண்டரை நானே கழற்றி ஓரமாக வைத்தேன். சமையல்காரம்மா முறைப்பு. ரெண்டு நாள் சட்னி இல்லாவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். அண்ணனுக்குத் தேங்காய்ச் சட்னி என்றால் உயிர். இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

மே 9, சனி
போர் ஆட்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். குழாய் ஒவ்வொன்றாக மேலே. மூன்றாவது குழாயை ஒட்டிக் கேபிளில் ஒரு ஜாயிண்ட். அண்ணன் போட்டது. பார்த்ததுமே தெரிந்தது, டேப்பை இடது பக்கமாகச் சுற்றுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

பிளேடால் கீறினேன். மேலே பேருக்கு டேப். உள்ளே பூ கட்டி அனுப்பும் பாலிதீன் கவர். இரும்புக் குழாயில் உரசி உரசிக் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. இங்கே பலரும் செய்கிற காரியம்தான். கரண்ட் போவதற்குள் தண்ணீர் பாய வேண்டும்.

அண்ணியைக் கூப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன். "பாருங்க அண்ணி, கரண்ட் ஒழுகுனது இங்கதான். இதுதான் அண்ணன அடிச்சிருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அண்ணி கவரைக் கையில் வாங்கினார். விரித்துப் பார்த்தார்.

"டேப்பு தீந்துபோச்சு, வேடசந்தூர் போய் வாங்கிட்டு வாரேன்னாரு. கரண்டு போயிரும், போக வேணாம்னு சொல்லி நாந்தான் இந்தக் கவரக் கிழிச்சுக் குடுத்தேன்."

போர் ஆட்கள் அடுத்த குழாயைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மே 10, ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. புதுக் கேபிள் நேற்றே இறங்கிவிட்டது. கசிவு இல்லை.

காலையில் அண்ணி போன் வரவில்லை. பெட்டி ட்ரிப் ஆகியிருக்காது. நான் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ராசு மாமாவைக் கூப்பிட்டேன்.

"மோட்டாரு நல்லா ஓடுது தாயி. நாந்தான் போட்டு விட்டேன். தோட்டம் பூராம் தண்ணி. உங்க அண்ணி வெளியவே வரல. பூவு பறிக்க ஆளில்லாம செடியிலயே விரிஞ்சு கெடக்கு."