பாட்டில் அனுப்பவில்லை

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை; கேட்டால் பொய் சொல்வாய்.

"எலிக்குக் குடுக்கற, கூடப் பொறந்தவளுக்கு ஒரு பாட்டில் குடுக்க மாட்டியாடி?" என்று போனில் கத்தினாயே. பேச விட்டால்தானே பதில் சொல்ல! அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்து இலைச்சாறு எலிகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது உண்மைதான். வீக்கம் குறைந்தது, துருப்பிடிப்பதுபோல் செல்கள் கெடுவது நின்றது. ஆனால் அவை முதலில் சாற்றைக் குடித்துவிட்டு, பிறகு சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தை வாங்கிக்கொண்ட எலிகள். உன்னைப் போலச் சிறுநீரகம் கெட்ட பிறகு சாறு குடித்த எலிகளும் இருந்தன. அவற்றுக்கும் வெறும் தண்ணீர் குடித்தவற்றுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நீ படித்த செய்தியில் அதைப் போடவில்லை.

மூட்டுவலிக்கு இத்தனை வருடம் மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினாயே, அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கவனி.

ஆகவே பாட்டில் வராது. திங்கட்கிழமை நானே வருகிறேன், நீண்ட லீவில். உன் டாக்டரிடம் பேசியாயிற்று. என் ரத்தம், திசு எல்லாம் உனக்குப் பொருந்துகிறதாம். மாமாவுக்குத் தெரியும். உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால் வேண்டாம் என்று குதித்திருப்பாய்.

ஒரே ஒரு விஷயம். எதைப் பங்கு போட்டாலும் பெரியதை நீதான் எடுப்பாய். ஆனால் என் சிறுநீரகம் இரண்டில் நல்லதை எனக்கே விட்டுவிடுவார்களாம். இந்த ஒரு தடவை சின்னதை வாங்கிக்கொள். சண்டைக்கு வராதே.

நீ வைத்த பெயரிலேயே,
எலிக்காரி