கிளம்பும்போது எங்கே என்று கேட்டவள்

அங்கேயும் வெற்றிலை சரியில்லை என்று யாரிடமாவது குறைபட்டுக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைக் கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். உங்கள் மகனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. கனடாவில் அதற்கென்றே கம்பியில் தொங்கும் நாற்காலி, போட்ட பாதை, காவல் எல்லாம் உண்டு. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்காம். இவன் ஆள் நடமாட்டமே இல்லாத மலையில், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு தானே ஏறி, தானே சறுக்கி வருவான். தனியாக விடக் கூடாது என்று, இங்கேயே இருக்கும் என்னையும் அண்ணி கோத்துவிட்டார்.

அந்த மலையில் பனி சும்மா கிடக்காது அப்பா. சில சமயம் மொத்தமாகப் பெயர்ந்து வந்து ஆளை மூடிவிடும். எங்கே பெயரும், எப்போது பெயரும் என்று கணிக்க ஒரு வகுப்பு இருக்கிறது. இரண்டு பேரும் போனோம். சொல்லிக்கொடுத்த பெண், கிளம்புவதற்கு முன்னால் என்னென்ன பேசச் சொன்னாள் தெரியுமா? எங்கே போகிறோம், எந்தச் சரிவு ஆபத்து, யார் புதைந்தால் யார் தோண்டுவது. நம் வீட்டு வாசலில் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா வாயிலேயே போட்டிருப்பாள்.

நீங்களோ, கிளம்பும்போது எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவீர்கள். அதற்குள் கும்பகோணம் பஸ் பாபநாசத்தைத் தாண்டியிருக்கும். கேட்பது எப்போதும் நான்தான். எனக்குப் பயந்து நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாக நழுவியதைத் தெருவே பார்த்திருக்கிறது.

அண்ணன் விசா இன்டர்வியூவுக்குக் கிளம்பியபோது, முன்ஜாக்கிரதையாக என் வாயில் வெல்லத்தை அடைத்து உட்கார வைத்தீர்கள். நான் வெல்லத்தோடு கேட்டேன். அவனைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள்; சென்னை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் விசாவும் வாங்கிவிட்டான். கம்ப்யூட்டர் படித்தவனையெல்லாம் அள்ளிக்கொண்டு போன காலம் அது. ஆனாலும் அந்தப் பஸ்ஸை அவன் இன்னும் மறக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் பனிச்சரிவு அபாயம் மூன்று என்று போட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை உண்டு. மூன்று நடுவில்தானே என்று நினைக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அண்ணன், அஞ்சுக்கு மூணு, பாஸ்தானே என்றான்.

மேலே ஒரு சரிவு. முந்தின நாள் காற்று புதுப் பனியை அள்ளி அங்கே குவித்திருந்தது. பெயர்வதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரிச் சாய்வு. இந்தப் பக்கம் சமதளத்தில் நிற்கும்போதே காலடியில் 'வும்' என்று ஒரு சத்தம் கேட்டு, உள்ளே ஏதோ அமுங்கியது. மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் வரப்பு இருக்குமே, அப்படி. அந்தச் சத்தம் கேட்டால் சரிவுப் பக்கமே போகக் கூடாது. இவன், பனி ஏப்பம் விடுகிறது என்றான்.

ஒருவர் வேண்டாம் என்றால் யாருமே போகக் கூடாது என்பது வகுப்பின் விதி. நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்திப் பார்த்தேன். தங்கை சொல்லி எந்த அண்ணன் கேட்டிருக்கிறான்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பலகையைச் சரிவுப் பக்கம் திருப்பிவிட்டான். அவனைத் தூக்கிக் கொடுத்துவிடப்போகிறேன் என்று பயந்துவிட்டேன் அப்பா. வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, எங்க போற?"

அப்படியே நின்றுவிட்டான். கோயில் வாசலை மிதிக்காதவன், ராகு காலம் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிறவன். மெல்லத் திரும்பி வந்து, பலகையைக் கழற்றிவிட்டுப் பையின் மேல் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"தண்ணி குடு, சனியனே."

பிளாஸ்க்கில் வெந்நீர்தான் இருந்தது. ஊதி ஊதிக் குடித்தான். அதற்குள் நான் ஓரமாகப் பனியைத் தோண்டினேன். தூண் மாதிரி ஒரு துண்டை வெட்டி நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியை வைத்துத் தட்ட வேண்டும். முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையால், கடைசியில் தோளோடு வீசி. எவ்வளவு சுலபமாக நழுவுகிறதோ அவ்வளவு ஆபத்து. நான் மணிக்கட்டால் தட்ட ஆரம்பித்ததுமே மேல்பாதி வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது. அண்ணன் பிளாஸ்க்கை மூடிப் பையில் போட்டான். திரும்பிவிடலாம் என்றான்.

அந்தச் சரிவு அப்புறம் பெயர்ந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

காரில் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான், பழைய சென்னை பஸ்ஸையும் சேர்த்து. வீடு நெருங்கும்போதுதான் சொன்னான்.

"அப்பா கிளம்பின அன்னிக்கு நீ ஊர்ல இருந்திருக்கலாம், பாப்பா."

அன்றைக்கு நீங்கள் மடை பார்க்கக் கிளம்பினீர்கள். எதிரே பால்காரர் வந்தாராம், எல்லாம் நல்ல சகுனமாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். வாசல் வழியாகவே, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே போனீர்களாம். வாய்க்கால் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. நான் கேட்டிருந்தால் உள்ளே வந்திருப்பீர்கள், இல்லையா? ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரமாவது கூட இருந்திருப்பீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் அண்ணன் கிளம்புகிறான். நானும் போகிறேன். அவன் என்ன திட்டினாலும் சரி, ஒவ்வொரு சரிவிலும் கேட்பேன் அப்பா.

இப்படிக்கு,
உங்களைச் செருப்பைக் கையில் எடுக்க வைத்த வாயாடி மகள்