நானே ஒட்டிய உறை

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் அக்காவும் இங்கே சுகம், நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்காலில் நின்று கேட்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதற்காக ஜெபத்தைக் குறைக்கவில்லை.

செவ்வாயும் வியாழனும் நான் நம் பள்ளி அலுவலகத்துக்குப் போய்வந்தது உனக்குத் தெரியும். புத்தகங்களுக்கு அட்டை போடுவது, கடிதங்களை மடித்து உறையிலிட்டு ஒட்டுவது, பதினோரு வருஷமாக அதுதான் என் ஊழியம். போன வியாழன் நாற்பது கடிதம் மடித்தேன், ஒன்றையும் வாசிக்கவில்லை, அடுத்தவர் கடிதத்தை வாசிக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். சனிக்கிழமை கீழ்வீட்டுத் தையல்காரி அதில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள். அப்பா பெயரில் ஒரு பிள்ளை படிக்க நீ வருஷா வருஷம் பணம் அனுப்புகிறாயே, அந்த இலவச இடத்தை இந்த முறை அவள் மகள் குருவிக்குத் தருவதாகத் தாளாளர் கோயிலில் சபையார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அதை நம்பி இவள் சீருடையே தைத்துவிட்டாள், இரண்டு வருஷம் தாங்கட்டும் என்று ஓரத்தில் நாலு விரல் அகலம் மடித்து. கடிதத்திலோ இந்த ஆண்டு முதல் இலவச இடம் கிடையாது என்று இருந்தது. "நீங்கதானேம்மா இதை ஒட்டுனீங்க, உங்களுக்குமா தெரியாது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்குப் போனேன். உன் அப்பா தன் கையால் இழைத்துக் கொடுத்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "புது அரங்கம் கட்டுறோம்மா, உங்க வீட்டுக்காரர் பேரையும் கல்வெட்டுல போடுறோம்" என்கிறார். தன் பேரில் ஒரு பிள்ளை படித்தால் போதும் என்றிருந்த மனுஷருக்குக் கல்வெட்டு எதற்கு? என் மகன் கேள்விப்பட்டால் சும்மா இருக்கமாட்டான் என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பணத்தை அரங்கத்துக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று அச்சடித்திருந்தது, அடியில் உன் கையெழுத்து. பள்ளி என்னை ஏமாற்றியதைத் தாங்கியிருப்பேன் மகனே, உன் பெயரைச் சொல்லித்தானே அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அக்கா போனில் கேட்டதற்கு, "ஸ்கூல்ல இருந்து வந்துச்சேன்னு போட்டுட்டேன், படிக்கலை" என்றாயாம். ஆனால் உன்னைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் அந்தப் பசை இன்னும் என் விரலில் இருப்பது போலிருக்கிறது. நீ பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய், நான் பார்க்காமல் ஒட்டினேன், பள்ளி என்றால் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. என்னிடம் இருந்த அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன், இனி அந்தப் பக்கம் போவதாக இல்லை. பள்ளி திறக்க இருபது நாள் இருக்கிறது. நீ எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். சம்மதம் இல்லை, பணம் பிள்ளைக்குத்தான் என்று உன் கையால் எழுதி உடனே அனுப்பு. தையல்காரி சீருடையைப் பிரிக்கப் போனாள், நான்தான் பிடுங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, பேத்திக்கு என் முத்தம். இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்த பிறகுதான் ஒட்டுகிறேன். நீயும் கடைசி வரி வரை வாசி.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா