மைக்கேலின் காரில் நான் ஒட்டிய இரும்பு

மங்கரே, ஒக்லாந்து
16.08.1998

அன்பு மகள் வித்தியாவுக்கு,

கனடாவில் நீயும் மருமகனும் பேத்தி பிரணவியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொண்டேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன். என் சுகத்தைக் கேட்டால், சீனி வருத்தம் மருந்துக்கு அடங்கி நிற்கிறது, மனம்தான் அடங்கவில்லை. மார்கழி விடுமுறைக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று என்ற உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் போடாததற்கு மழை, தடிமன் காய்ச்சல், ஓவர்டைம் என்று மூன்று பொய்களை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் எழுதவில்லை. உன் தவராசா மாமாவைப் பற்றி நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொன்ன பிறகு நீ இங்கே வருவாயோ, என்னோடு கதைப்பாயோ தெரியாது. அதனால்தான் பேனை ஓடவில்லை. ஃபோனில் சொல்லலாமென்று இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரமும் பேத்திதான் வந்தாள், அவளுடைய ஆங்கிலத்துக்கு யெஸ் யெஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நடுவில் எழுந்து ஓட முடியாது.

மைக்கேலின் காரிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விளங்கும். மைக்கேல் எங்கள் ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவர், மலேசியாவில் ஈப்போப் பக்கத்துத் தமிழர், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக எப்சமில் வீடு வாங்கி, பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு, கராஜ் தனக்கு என்று பிரித்துக்கொண்ட மனுசன். ஹொட் ரொட் என்றால் என்ன சாமான் என்று நீ கேட்டிருந்தாய். அறுபது வருடப் பழைய கார் ஒன்றை எடுத்து, மட்காட்டைக் கழற்றி எறிந்து, கூரையை வெட்டிப் பதித்து, முன்பக்கத்தை நிலத்தோடு நிலமாகத் தாழ்த்தி, அந்தக் காலத்துப் பெரிய எஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டு ஓடுவது. பழைய முறையில் கட்டுவதென்றால் புதுச் சாமான் சேர்க்கக் கூடாது, ஐந்து காரில் கழற்றி ஒரு காரை ஆக்க வேண்டும். மைக்கேல் இதை எனக்கு ஏதோ பெரிய கலை மாதிரி விளக்கினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்தது வேறென்ன? பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினோம், சாமான் இல்லாமல் ஒன்றை உடைத்து ஒன்றைக் கட்டினோம். இவர்கள் ஆசைக்குச் செய்வதை நாங்கள் கதியில்லாமல் செய்தோம். அண்ணே, நீங்க பிறவி ஹொட் ரொட்காரர் லா என்று மைக்கேல் என் தோளில் தட்டினார், நானும் குளிர்ந்துபோனேன். அறுபது வயதில், தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற இரும்புத் தட்டுக்கு வெல்டிங் பிடிக்கிறவனை ஒருவர் மேஸ்திரி மாதிரி மதித்தால் யாருக்குத்தான் தலை நிற்கும்.

புக்கிகோஹியில் ஒரு தோட்டக்காரரின் கோழிக் கூட்டுக்குள் அந்த முப்பத்துநான்காம் ஆண்டு ஃபோர்ட் கிடந்தது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மூன்று வருடம் சனியும் ஞாயிறும் அதற்கே போயின. துருக் கறளைச் சுரண்டி, தகரம் தட்டி, எஞ்சினை இறக்கி ஏற்றி, முதன்முதல் அது உறுமிய அன்று நான் தேங்காய் உடைத்தேன், மைக்கேல் செபம் சொன்னார், இரண்டு சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சிலுவை. கராஜ் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, நீங்கள் வந்ததும் போகிற வழியைச் சிவப்புப் பென்சிலால் கீறியிருந்தோம். முதலில் வடக்கே ரெயிங்கா முனைக்கு, இரண்டு கடல் சேருகிற இடம் பிரணவிக்குக் காட்ட, பிறகு தெற்கே இறங்கி ரொட்டோருவா, கப்பலில் காரை ஏற்றி அடுத்த தீவுக்குப் போய், றோட்டு முடிகிற புளஃப் வரைக்கும். பின்னால் டிக்கியைத் திறந்தால் இரண்டு பேர் இருக்க சீட் உண்டு, மருமகனும் பேத்தியும் அதிலே, நீ முன்னால் என் பக்கத்தில். மைக்கேலும் வீட்டாரும் சாமானோடு வேறு காரில் பின்னால். எந்த ஊரில் எங்கே தண்ணீர் விட வேண்டும், எங்கே சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது என்று கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். உன் அம்மாவை ஒரு நாளாவது சும்மா ஊர் பார்க்கக் கூட்டிப்போனவனில்லை நான். அந்தக் கடனை உன்னில் தீர்க்கலாமென்று நினைத்தேன்.

காரின் முன்பக்கத்தைத் தாழ்த்தினால் ஸ்டியரிங்கிலிருந்து சில்லுக்குப் போகிற இரும்புக் கை எட்டாது, நீட்டி வளைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து எடுப்பிப்போம் என்றார் மைக்கேல். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு பழைய கைகளை வெட்டி, சிவக்கக் காய்ச்சி, வளைத்து ஒட்டி, ஊரில் செய்கிற மாதிரியே தண்ணீர் வாளியில் அமுக்கி எடுத்தேன். ஊரில் என் கராஜுக்கு வெளியே கார்க்காரன் நின்று அவசரப்படுத்துவான், ஆறும்வரை யார் காத்திருப்பது, சுர்ரென்று தண்ணீரில் போட்டு எடுத்துப் பூட்டிக் கொடுத்துவிடுவோம். இருபத்தைந்து வருடம் என் கை அப்படித்தான் பழகியது. அரத்தால் ராவி மினுக்கி எடுத்தபோது எங்கே ஒட்டியதென்று மைக்கேலால் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் காட்டவில்லை.

இப்படி மாற்றிக் கட்டிய காரை இங்கே தெருவில் விடுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடி மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தார், என் வயதுக்காரர், தானும் இப்படி நாலைந்து கார் கட்டியவராம். டாஷ்போட்டில் நான் பூசிய திருநீற்றைப் பார்த்து பெயின்ற் உரிகிறதா என்று கேட்டார், எல்லாரும் சிரித்தோம். பிறகு காருக்குக் கீழே போனவர் கனநேரம் வெளியே வரவில்லை. வந்து, இது ஒட்டியதா என்று கேட்டார். ஓம் என்றேன். எப்படி ஆறவைத்தாய் என்றார். தண்ணீரில் என்றேன். மனுசன் கண்ணை மூடித் திறந்தார். ஸ்டியரிங் சாமானில் இது செல்லாது என்றார். எனக்கு வந்த கோபத்தில் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் கொட்டினேன், என் ஒட்டு ஒருநாளும் விட்டதில்லை, யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பார் என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அந்த இரும்புக் கையைக் கழற்றித் துடைத்து, ஒரு சிவப்பு மையைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, மையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே வெள்ளை மாவு மாதிரி ஒன்றை அடித்தார். பொறுத்திருந்து பார் என்றார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மாவுக்குள்ளிருந்து மயிர் பருமனில் ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. முழுதாக நாற்பது மைல்கூட ஓடாத கார், பிள்ளை, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை வளவுக்குள். அதற்குள் வெடிப்பு. என் ஒட்டில் இல்லை, ஒட்டு கல்லுப் போல நின்றது. ஒட்டுக்கு அருகில், நான் காய்ச்சித் தண்ணீரில் போட்ட நல்ல இரும்பில். அப்படித்தான் முறியும் என்றார் அவர், ஒட்டு விடாது, பக்கத்து இரும்பு பிஸ்கட் மாதிரிப் போகும், முறிகிற நேரம் ஓட்டுகிறவன் கையில் ஸ்டியரிங் சுற்றும், சில்லு திரும்பாது, அவன் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றார். அவர் பொதுவாகத்தான் சொன்னார். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். தண்ணி குடிங்க அண்ணே, இது ஒரு சாமான்தான் லா, வேற வாங்கிப் போடலாம் என்று மைக்கேல் என் முதுகைத் தடவினார். அவருக்கு என்ன தெரியும்.

தொண்ணூற்றொன்றில் உன் அம்மா கௌரி சாவகச்சேரிக்குப் போன பழைய ஏ-40 காருக்கு அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஸ்டியரிங் கை முறிந்திருந்தது. தடையில் புதுச் சாமான் ஏது, நான்தான் ஒட்டினேன், நான்தான் வாளியில் அமுக்கினேன். அவளுடைய தம்பி தவராசாதான் ஓட்டினான். மதகடி வளைவில் கார் திரும்பாமல் நேரே போய் மதகுக் கட்டில் அடித்தது. கௌரி அந்த இடத்திலேயே போய்விட்டாள், தவராசாவுக்குக் கை முறிவு மட்டும். செத்த வீட்டில், முற்றம் நிறைந்த சனத்துக்கு நடுவில், முறிந்த கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, அத்தான், ஸ்டியரிங் சுத்தினது, சில்லு திரும்பேல்லை, அக்காவாணை பொய் சொல்லேல்லை என்று அழுதான். நான் அவனுக்கு அறைந்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். வானத்திலை ஹெலிகொப்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டி என்ரை மனுசியைச் சாகடிச்சுப்போட்டு என்ரை வேலையிலை பழி போடுறியோடா என்று கத்தினேன். அது வெறும் கோபம் இல்லை. அதற்கு முன்பே நான் மதகடிக்குப் போய்க் காரின் அந்த ஸ்டியரிங் கையைப் பார்த்திருந்தேன். முறிந்துதான் கிடந்தது. ஆனால் ஒட்டு விடவில்லை, ஒட்டுக்கு அருகில் முறிந்திருந்தது. அதைப் பார்த்து என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் ஒட்டு நின்றால் என் பிழை இல்லை, மதகில் அடிபட்டுத்தான் முறிந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி சொன்னால் ஊர் மறுத்துப் பேசுமா. ஏழு வருடமாக எது எனக்குச் சாட்சி என்று நினைத்தேனோ, அதையே அந்த மனுசன் வெள்ளை மாவில் வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

அம்மாவைக் கொன்றவன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நீ கனடாவுக்குப் போகும்போது உன்னிடம் சத்தியம் வாங்கியவனும் நான்தான். பிறகு அவனும் அங்கேயே வந்து சேர்ந்தான், அன்றைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவேயில்லையாம், உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு பஸ்ஸிலேயே திரிந்தானாம். ஒருநாள் கொட்டுகிற பனியில் பஸ் தரிப்பில் மாமா நின்றதைக் கண்டும் காரை நிறுத்தாமல் போனேன் என்று நீ எழுதியிருந்தாய், என் பிள்ளை என்று பதில் எழுதினேன். இந்த வைகாசியில் அவன் நெஞ்சு அடைத்துச் செத்தபோது, செத்த வீட்டுக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லது செய்தாய் என்று எழுதினேன். என் கையெழுத்தில் அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும். இரண்டு மாதம், வித்தியா. அந்த மனுசன் இரண்டு மாதம் முந்தி வந்து பார்த்திருந்தால் நான் ஃபோனிலாவது தவராசாவிடம் சொல்லியிருப்பேன், அவன் காறித் துப்பியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது. கோயிலில் சொல்லிப் பார்த்தேன், நான் அறைந்தது சாமியை இல்லையே, தவராசாவை அல்லவா, ஒரு சுகமும் வரவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மாமா இல்லாத அந்த வீட்டுக்கு, சாந்தகுமாரி மாமியிடம் போ. நானே எழுதலாம், என் கையெழுத்தைக் கண்டால் பிரிக்காமல் குப்பையில் போடுவாள், போட்டால் நியாயம். நீ நேரில் போய், மாமா சொன்னது பொய்யில்லை, அப்பா ஒட்டின இரும்பு முறிஞ்சுதான் அம்மா செத்தவா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லு. கதவைத் திறக்காவிட்டால் இன்னொரு நாள் போ. மன்னிப்பு வாங்கி வா என்று உன்னை அனுப்பவில்லை, அது கிடைக்காது, கிடைத்தாலும் அதை வைத்து நான் என்ன செய்வேன். புருசனைப் பொய்யன் என்று ஊர் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், அவன் பொய்யன் இல்லை என்பதை ஒருவர் வாயாலாவது கேட்க வேண்டும். அவ்வளவுதான். முதலில் அதைச் செய், என்னைப் பற்றி முடிவெடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்.

கார் பயணத்தை விட்டுவிடு. மைக்கேல் பிடிவாதமாக அமெரிக்காவிலிருந்து புதுக் கை எடுப்பித்திருக்கிறார், அது வந்ததும் கார் பாஸ் ஆகிவிடும், அவர் சந்தோசமாக ஓடட்டும். நான் அதில் ஏறமாட்டேன், கராஜ் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டேன். அவர் இன்னும் சனிக்கிழமை வந்து ஹோர்ன் அடிக்கிறார், நான் யன்னல் சீலையை விலக்குவதில்லை. தொழிற்சாலை வேலையை மட்டும் விடவில்லை, தட்டு விழுந்தால் பெட்டிதான் உடையும். டிக்கெட்டை என்ன செய்வதென்று நீயும் மருமகனும் யோசியுங்கள். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு. பேத்திக்கு நெற்றியில் என் முத்தம். நல்லூரான் உங்கள் மூன்று பேரையும் கண்போலக் காக்கட்டும், நான் செய்தது உங்கள் தலையில் விடியாமல் இருக்கட்டும். குளிர் தொடங்குமுன் உங்கள் காரைக் கராஜில் கொடுத்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்ல மறக்காதே. ஏதாவது முறிந்திருந்தால் புதிது போடச் சொல்லு, எவ்வளவு கெட்டிக்காரன் கேட்டாலும் ஒட்ட விடாதே. கீழே அப்பா என்றுதான் போட்டிருக்கிறேன், வேறென்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்த பிறகு அது வேண்டாமென்று தோன்றினால் நீயே வெட்டிவிடு.

இப்படிக்கு,
அப்பா