மத்தியானம் விரிந்த பூ

அன்புள்ள சிசாதோ,

முதுகுவலி குறைந்ததா? ஹினாவுக்கு இருமல் விட்டதா? நான் நலம். போன வாரம் கப்பல் கட்டும் தளத்தில் வெயில் தாங்காமல் சற்று உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் ஐஸ் வைத்ததும் எழுந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். கோடை விடுமுறைக்குப் பள்ளியிலிருந்து சுமந்து வந்த அசகாவோ பூந்தொட்டியை ஹினா வீட்டுப்பாடத்துக்காகத் தினமும் தோட்டத்தில் பார்த்துத்தான் வரைகிறாளா? "அப்பா, மத்தியானம் மூணு மணிக்குப் பாத்தேன், பூ அழகா விரிஞ்சிருந்துச்சு!" என்று போனில் சொன்னாள். பின்னால் நீ சிரித்ததும் கேட்டது. விடிகாலையில் விரியும் அந்தப் பூ மத்தியானத்துக்குள் சுருங்கிவிடுமே! அவள் வரைந்து அனுப்பிய படமும் விதை உறையில் அச்சடித்த பூ மாதிரியே இருக்கிறது, இலையில் ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை. போட்டோவில் அவள் காலில் ஒரு கொசுக்கடிகூட இல்லை.

சரிபார்க்க, நானும் விடுதி மாடியில் பூத்த தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். "பெத்த பொண்ணை வேவு பாக்கவாய்யா செடி வளக்கிறே?" என்கிறார் பக்கத்து அறை ஹதானோ.

செடி பட்டுப்போயிருந்தால் மறைக்காதே. ஒன்றாம் வகுப்பில் என் செடியும் பட்டுத்தான் போனது. நானும் உறையைப் பார்த்துத்தான் வரைந்தேன். நாளை காலை ஆறு மணிக்கு அவளைத் தோட்டத்துக்கு அனுப்பு, புல்லையாவது வரையட்டும்.

இரண்டு பனியனும் கொசுவர்த்தியும் அனுப்பு. இன்று இங்கே நான்கு பூ. காட்ட ஆளில்லை, அதனால் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

யசுஹிகோ

என் படத்தைப் பார்த்து ஹினா அப்படியே வரைந்துவிடாமல் கவனித்துக்கொள்.